பெலிகனின் 20 நிமிட இசை: எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?

மழைக்காகம்:
சிகாகோவின் பெலிகன் ராக் இசைக்குழு 2005இல் போட்ட 'மார்ச் இன்டு தி சீ'யை மூன்று முறை கேட்டுவிட்டேன். 20 நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது, குரலே கிடையாது. கிட்டார்களின் அந்தக் கனமும் இருட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஏழெட்டு நிமிடம் போனதும் மனசு வேறெங்கோ போய்விடுகிறது. இப்போது யாராவது பாட ஆரம்பிப்பார்கள் என்றே காது காத்திருக்கிறது. நீங்கள் எல்லாம் எப்படிக் கேட்கிறீர்கள்?

கருந்தட்டு:
முதலில் சின்னதைக் கேளுங்கள். அதே 2005இல் வந்த 'தி ஃபயர் இன் அவர் த்ரோட்ஸ் வில் பெக்கன் தி தா' ஆல்பத்தில் இதையே 'மார்ச் டு தி சீ' என்று சுமார் 11 நிமிடத்துக்குச் சுருக்கியிருக்கிறார்கள். அது பழகினால் பெரியது தானாகப் பழகும்.

எட்டுத்தறி:
நான் நீண்டதையே கேட்கச் சொல்வேன். ஆனால் கிட்டாரை விட்டுவிட்டு டிரம்ஸைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு குமாரபாளையத்தில். சுவருக்கு அந்தப் பக்கம் எட்டு விசைத்தறிகள். நாள் முழுக்க ஒரே சத்தம். வந்தவர்களுக்குத் தலை வலிக்கும். அம்மாவோ ஊடை (குறுக்கு நூல்) அறுந்து ஒரு தறி நின்றால், அடுப்படியில் இருந்தபடியே "மூணாவது தறி நின்னுடுச்சு, போய்ப் பாரு" என்பார். ஒரே மாதிரி ஓடுகிற சத்தத்தில்தான் சின்ன மாற்றமும் பளிச்சென்று கேட்கும். இந்த இசையைக் கேட்க எனக்கு அந்தக் காதுதான் உதவியது. ட்ரெவர் டி பிரவ், லாரன்ட் ஷ்ரோடர்-லெபெக் இருவரும் கிட்டாரில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப உழுதுகொண்டிருக்க, லாரி ஹெர்வெக் டிரம்ஸில் அடியை மாற்றும்போது அதே வரிக்கு வேறு எடை வந்துவிடுகிறது. பேஸ் கிட்டார் வாசிப்பது அவருடைய சகோதரர் பிரையன்.

போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி வழக்கமான சுருதியிலேயே 41 ஹெர்ட்ஸ், அவ்வளவு தாழ்ந்த ஒலி. அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அந்த ஆழம் வராது. மிஞ்சுவது கிட்டாரின் கரகரப்புதான். சலிப்பு வராமல் என்ன செய்யும்?

அப்புறம், பின்பாதி. இரைச்சல் வடிந்து இசை ஒடுங்கும் இடத்தில் சத்தத்தைக் கூட்டாதீர்கள். கரண்ட் போய் எட்டுத் தறியும் ஒரே நேரத்தில் நின்றால், காதுக்குள் அது இன்னும் ஓடிக்கொண்டே இருக்கும். மூச்சு மெல்ல இறங்கும். அந்த அமைதியை முன்பாதியின் பாரத்தைச் சுமந்த காதோடுதான் கேட்கவேண்டும். சுருக்கிய வடிவத்தில் இதற்கு நேரம் போதவில்லை. அதனால்தான் பெரியதைச் சொல்கிறேன்.

மழைக்காகம்:
அண்ணா, நேற்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஹெட்போனில் கேட்டேன். டிரம்ஸையே பின்தொடர்ந்தேன். பாட்டு வரும் என்ற எதிர்பார்ப்பு எப்போது போனதென்றே தெரியவில்லை. அமைதியான பகுதி வந்தபோதுதான் கவனித்தேன், பற்களை இறுகக் கடித்திருக்கிறேன், தோள் ரெண்டும் தூக்கியிருக்கிறது. மெதுவாக இறக்கினேன். அடுத்து எதைக் கேட்கலாம்?

எட்டுத்தறி:
ரொம்ப சந்தோஷம் தம்பி. கருந்தட்டு சொன்ன ஆல்பத்தை இப்போது எடுங்கள். முதலாவது 'லாஸ்ட் டே ஆஃப் விண்டர்'. பாதியில் நிறுத்தாமல் ஏழு டிராக்கையும் வரிசையாகக் கேளுங்கள்.