மேகத்துக்குள் ஏறும்போது வேகமானி எகிறியது, ஏன்?

கேள்வி:
ஒஹாயோவில் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே பறக்கும் தகுதி) பயிற்சியில் இருக்கிறேன். விமானம் செஸ்னா 172. போன வாரம் இன்ஸ்ட்ரக்டரோடு மேகத்துக்குள் 4,000 அடியிலிருந்து 5,000-க்கு ஏறினோம். வெளியே மைனஸ் 2 டிகிரி. 4,300 அடியில் 80 நாட் இருந்த வேகமானி, 4,700-இல் 120 காட்டியது. எஞ்சின் சத்தம் மாறவே இல்லை. வேகம் கூடிவிட்டதே என்று மூக்கைத் தூக்கப் போனேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு பிட்டோ ஹீட் சுவிட்சைப் போட்டார் (எதிர்க்காற்றின் அழுத்தத்தை வேகமானிக்குக் கொடுக்கும் பிட்டோ குழாயைச் சூடாக்குவது). அதை நான்தான் மறந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. குழாய் அடைத்தால் முள் பூஜ்யத்துக்குத்தானே விழ வேண்டும்?

பதில் 1:
முன் துளை மட்டும் அடைத்தால் பூஜ்யம்தான். உள்ளே இருக்கும் காற்று வடிகால் துளை வழியாக வெளியேறிவிடும். உங்களுக்கு இரண்டுமே உறைந்திருக்கிறது. 4,300 அடி அழுத்தம் குழாய்க்குள் சிறைப்பட்டுவிட்டது. மேலே போகப் போக ஸ்டேடிக் துளையின் (சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தை எடுப்பது) அழுத்தம் மட்டும் குறைகிறது. வேகமானிக்குத் தெரிவது இந்த இரண்டின் வித்தியாசம்தான். அதனால் அது உயரமானி போல ஏறும்.

சத்தம் மாறவில்லை என்று எழுதினீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. 172-இன் ப்ரொபெல்லர் நிலையான பிட்ச், அதாவது அதன் இலைகளின் கோணம் மாறாது. நிஜமாகவே 40 நாட் கூடியிருந்தால் ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றுகள்) ஏறி, சத்தமும் மாறியிருக்கும்.

பதில் 2:
தம்பி, உங்கள் இன்ஸ்ட்ரக்டருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுங்கள். 1974 டிசம்பர் 1 அன்று நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸின் 6231, போயிங் 727, நியூயார்க்கிலிருந்து பஃபலோ கிளம்பியது. பிட்டோ ஹீட் போடவில்லை. ஏறும் முள்ளை நம்பி மூக்கைத் தூக்கிக்கொண்டே போனார்கள். ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழந்து, விழுந்தது. விமானத்தில் இருந்த மூவரும் இறந்தார்கள்.

வேகமானி சந்தேகமாக இருந்தால் செயற்கை அடிவானத்தையும் (விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவி) ஆர்.பி.எம்.மையும் மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஏறுவதற்கு, நேராகப் பறப்பதற்கு, இறங்குவதற்கு உங்கள் விமானத்தில் எந்தக் கோணம், எவ்வளவு பவர் என்று நல்ல வானிலையில் பார்த்து எழுதி வையுங்கள்.

அப்புறம் இன்னொன்று. 172-க்கு ஐஸில் பறக்க அனுமதியே கிடையாது. மெல்லிய பொருளில்தான் ஐஸ் முதலில் பிடிக்கும். பிட்டோ உறைந்தால் அடுத்தது இறக்கை. சுவிட்சைப் போட்ட கையோடு கண்ட்ரோலரிடம் சொல்லி வெளியேறுங்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. அப்படியே இறங்கியிருந்தால்?

பதில் 2:
தலைகீழ். இறங்க இறங்க முள் குறையும். ஸ்டால் ஆகிறது என்று பயந்து மூக்கை இன்னும் அழுத்தத் தோன்றும். அப்போதும் அடிவானத்தைத்தான் பார்க்க வேண்டும்.