புதுப்பிப்பு: பாப்பில்லரி தசைகள் மைட்ரல் வால்வைத் திறக்கின்றனவா, மூடுகின்றனவா?

தலைப்பில் உள்ள என் கேள்விக்குப் பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. (மைட்ரல் வால்வு என்பது இதயத்தின் இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் இடையே உள்ள, இரண்டு இதழ்கள் கொண்ட கதவு. பாப்பில்லரி தசைகள் அந்தக் கீழறையின் உட்சுவரிலிருந்து நீளும் சிறு தசைகள்.)

விடை: இரண்டும் இல்லை. வால்வைத் திறப்பதும் மூடுவதும் இருபக்க ரத்த அழுத்த வித்தியாசம்தான். கீழறையோடு சேர்ந்து சுருங்கும் இந்தத் தசைகள், தங்களை இதழ்களோடு இணைக்கும் நாண்களை (மெல்லிய கயிறு போன்ற இழைகளை) இறுக்கிப் பிடித்து, இதழ்கள் மேலறைப் பக்கம் புரளாமல் தடுக்கின்றன.

"ஆட்டு இதயத்தில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. இடது மேலறையை வெட்டித் திறந்து, கீழறையில் தண்ணீர் நிரப்பி, பெருந்தமனியை (கீழறையிலிருந்து ரத்தம் வெளியேறும் பெரிய குழாயை) விரலால் அடைத்து, கீழறையை அமுக்கினோம். இதழ்கள் பாராசூட் போல உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இத்தனைக்கும் அது உயிரற்ற தசை, சுருங்கவே இல்லை! அப்புறம் சில நாண்களை வெட்டினோம். அந்த இடத்தில் இதழ் புரண்டு தண்ணீர் பீறிட்டது.

எதிர்பாராதது: ஒவ்வொரு தசையிலிருந்தும் இரண்டு இதழ்களுக்கும் நாண்கள் போகின்றன. ஒரு தசைக்கு ஓர் இதழ் என்று காட்டும் படங்களை நம்ப வேண்டாம்.

பெருந்தமனி வால்வுக்கு நாண்களே கிடையாது. மேலிருந்து ஊற்றிய தண்ணீரை அதன் மூன்று பிறை இதழ்களே தாங்கின. தண்ணீர் மெல்ல இறங்கினால் வால்வைச் சந்தேகிக்காதீர்கள். சற்று மேலே உள்ள, இதயத் தசைக்கே ரத்தம் தரும் கரோனரி தமனிகளின் வாய் வழியாகவும் அது போகும்.