பானெட்டில் கல் அடித்துப் பெயிண்ட் போன புள்ளிகள்: வீட்டிலேயே டச் அப் செய்யலாமா?

திருவொற்றியூர்_கடலோரம்:

வணக்கம் நண்பர்களே. என் வண்டி 2019 ஸ்விஃப்ட், சில்வர் கலர். வேலைக்குப் போக வர எண்ணூர் விரைவு சாலைதான் வழி. அந்தச் சாலை தெரிந்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதே இல்லை, துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் பின்னால் மாட்டினால் பொடிக்கல் வந்து பானெட்டில் டப் டப்பென்று விழும். இப்போது பானெட் முன் ஓரத்தில் 2, 3 மில்லிமீட்டர் அளவுக்கு அங்கங்கே பெயிண்ட் பெயர்ந்து கிடக்கிறது, முன் சக்கர வளைவிலும் ஓர் இடம் இருக்கிறது. பானெட்டில் இரண்டு புள்ளி லேசாகப் பழுப்பாக மாறிவிட்டது, அதுதான் கவலை.

சர்வீஸ் சென்டரில் கேட்டால் முழு பானெட்டையும் அடித்தால்தான் கலர் சேரும், இன்சூரன்ஸில் போட்டுவிடலாம் என்கிறார்கள். இத்தனூண்டு புள்ளிக்காக நோ கிளைம் போனஸை விட எனக்கு மனசில்லை. வீட்டிலேயே டச் அப் செய்தால் நிற்குமா? என்னென்ன வாங்க வேண்டும்? ஸ்ப்ரே டப்பா நல்லதா, பிரஷ் நல்லதா? வீட்டில் நெயில் பாலிஷ் வைத்தால் போதும் என்கிறார்கள், அதுவும் சரியா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை_பட்டறை:

தம்பி, தாராளமாகச் செய்யலாம். பெயிண்ட் பட்டறை வைத்திருக்கிற நானே சொல்கிறேன், இந்த அளவு புள்ளிக்கு முழு பானெட் அடிப்பது தேவையில்லாத வேலை. கம்பெனியில் அடித்து அடுப்பில் சுட்ட பெயிண்டுக்கு இருக்கிற கெட்டி, வெளியில் எந்தப் பட்டறையில் அடித்தாலும் வராது. அதை முடிந்தவரை சுரண்டாமல் காப்பாற்றுங்கள்.

முதலில் ஒன்றை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கடலோரத்தில் இருக்கிறவருக்கு டச் அப் என்பது அழகுக்காக இல்லை, தகட்டை மூடுவதற்காக. கடலை விட்டுத் தள்ளி இருக்கிற ஊரில் மாதக்கணக்கில் சும்மா கிடக்கிற புள்ளி நம் உப்புக்காற்றில் சீக்கிரமே துருவாகிவிடும், அப்புறம் அந்தத் துரு பெயிண்டுக்கு அடியில் பக்கவாட்டில் ஓட ஆரம்பிக்கும். அதனால் கலர் அப்படியே சேரவேண்டும் என்று காத்திருக்காமல் சீக்கிரம் மூடுங்கள்.

புள்ளி எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். விரலில் தண்ணீர் தொட்டு வையுங்கள், மறைந்துவிட்டால் கலருக்கு மேலே இருக்கிற நிறமில்லாத பூச்சு, அதாவது கிளியர் கோட் மட்டும்தான் போயிருக்கிறது, பாலிஷ் போட்டாலே போதும். சாம்பல் நிறம் தெரிந்தால் கலருக்கு அடியில் அடிக்கிற பிரைமர் இன்னும் இருக்கிறது, பயமில்லை. பளபளவென்று தெரிந்தால் வெறும் தகடு. பழுப்பு என்றால் உங்களுக்கே தெரியும்.

துருப்பிடித்த புள்ளியை அப்படியே மூடக்கூடாது, உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும். உப்புத்தாளைச் சின்னதாகச் சுருட்டி, இல்லை ஒரு குண்டூசி முனையால், துருவை மட்டும் சுரண்டி எடுங்கள், நல்ல பெயிண்டைத் தொடாதீர்கள். அப்புறம் ரஸ்ட் கன்வர்ட்டர் ஒரு துளி வைத்தால் மிச்சத் துரு கறுப்பாக மாறும், அப்படி மாறினால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். காய்ந்ததும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள், மொபைல் ரிப்பேர் செய்கிற கடைகளில் வைத்திருப்பார்கள். தின்னர் போட்டு அழுத்தித் துடைக்கவேண்டாம். ஏற்கெனவே வெளியில் ரீபெயிண்ட் அடித்த இடமாக இருந்தால் தின்னர் பட்டதும் சுற்றி இருப்பதும் இளகிவிடும்.

தகடு தெரிகிற இடத்தில் பிரைமர் கட்டாயம். அதை விட்டுவிட்டு நேராகக் கலர் வைத்தால் சில மாதத்தில் உரிந்து வரும். பிரைமர் காய்ந்த பிறகு கலர், அதற்கு மேல் கிளியர். உங்கள் கலர் கோடு சில்க்கி சில்வராக இருந்தால் இசட்2எஸ், ஆனாலும் வண்டியில் கலர் கோடு போட்டிருக்கிற பிளேட்டில் ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொண்டே வாங்குங்கள், ஒரே சில்வர் மாதிரித் தெரிந்தாலும் வேறு வேறு இருக்கிறது. கம்பெனி ஸ்பேர்ஸ் கவுண்டரிலேயே டச் அப் பாட்டில் கேட்கலாம், இல்லையென்றால் சென்னை ஜி.பி. ரோடு பக்கம் பெயிண்ட் கலந்து தருகிற கடையில் கோடு சொன்னால் சின்ன அளவில் தருவார்கள்.

பாட்டில் மூடியோடு வருகிற பிரஷ்ஷைத் தூக்கிப் போடுங்கள், புள்ளியைவிட அது பெரியது. பல்குத்தும் குச்சி போதும், இல்லை ஓவியம் வரைகிற ரொம்ப மெல்லிய பிரஷ். குச்சி முனையில் ஒரு துளி எடுத்துப் புள்ளியின் நடுவில் தொட்டால் அதுவே ஓரம் வரை பரவி நிற்கும். பூசாதீர்கள், துளியாக விடுங்கள். காய்ந்ததும் பார்த்தால் நடுவில் குழி விழுந்திருக்கும், தின்னர் ஆவியாகிப் பெயிண்ட் சுருங்குவதால் அப்படி. அரை மணி நேரம் விட்டு இன்னொரு துளி. இப்படி மெதுவாக ஏற்றுங்கள், ஒரே தடவையில் நிரப்பினால் மேலே தோல் கட்டிவிடும், உள்ளே காயாது.

மாஸ்கிங் டேப் ஒட்டவேண்டாம். டேப் ஓரத்தில் பெயிண்ட் வரப்பு மாதிரி நின்றுவிடும், இத்தனூண்டு புள்ளிக்கு அதுதான் கண்ணை உறுத்தும். ஸ்ப்ரே டப்பாவும் வேண்டாம். 2 மில்லிமீட்டர் புள்ளிக்கு அடித்தால் கை அகலத்துக்குப் படியும். அதிலும் இறுகுவதற்கு ஹார்டனர் கலக்கிற 2கே கிளியரில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆகாது, நாம் போடுகிற துணி மாஸ்க் அதற்கு ஒன்றும் செய்யாது. மூடிய பார்க்கிங்கில் அதை அடிக்கவே கூடாது.

பெரம்பூர்_வண்டிக்காரி:

அண்ணன் சொன்னதோடு நெயில் பாலிஷ் பற்றி நான் சொல்கிறேன். கிளியர் நெயில் பாலிஷ் தற்காலிகமாகத் தண்ணீர் புகாமல் நிறுத்தும், டச் அப் பாட்டில் வாங்கிவருகிற வரைக்கும் என்றால் சரி. அதையே முடிவான வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள். அது நகத்துக்குச் செய்தது, நம்ம ஊர் வெயிலில் பானெட் கொதிக்கிற சூட்டுக்கு மஞ்சளாகி உரிந்துவிடும், துரு இருக்கிற புள்ளியில் வைத்தால் துருவையும் சேர்த்து மூடி வைத்த மாதிரிதான்.

இன்னொன்று, சில்வர் என்பதால் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். என் வண்டி சாதா வெள்ளை, டச் அப் வைத்த இடத்தை நானே தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். சில்வரில் அலுமினியத் துகள் இருக்கிறது, கம்பெனியில் ஸ்ப்ரே செய்யும்போது அது படுக்கிற விதம் வேறு, குச்சியால் வைக்கும்போது படுக்கிற விதம் வேறு. அதனால் நேராகப் பார்த்தால் சேர்ந்திருக்கும், பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால் கொஞ்சம் கறுப்பாகத் தெரியும். அது கலர் தப்பாகக் கொடுத்ததால் இல்லை, கடைக்காரரிடம் போய்ச் சண்டை போடாதீர்கள். துகள் பாட்டிலின் அடியில் தங்கிவிடும், நன்றாகக் குலுக்காமல் எடுத்தால் இன்னும் மோசமாக வரும். முதலில் ஒரு பழைய விசிட்டிங் கார்டில் வைத்துக் காயவிட்டு, பகல் வெளிச்சத்தில் பானெட் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள்.

மணலி_டீசல்:

ப்ரோ, எல்லாரும் பெயிண்ட் பற்றியே சொல்கிறார்கள், கழுவுவதைப் பற்றி ஒரு வார்த்தை. நம்ம பக்கத்தில் வண்டி மேல் படிகிறது வெறும் தூசி கிடையாது, அனல் மின் நிலையச் சாம்பல், நிலக்கரித் தூள், உப்பு எல்லாம் சேர்ந்தது. காய்ந்த துணியால் துடைத்துவிட்டு டச் அப் வைக்க உட்கார்ந்தால் கிளியர் கோட் முழுக்கக் கோடு விழும். முதலில் நிறையத் தண்ணீர் அடித்து இறக்குங்கள், அப்புறம் ஷாம்பு.

நேரமும் முக்கியம். விடியற்காலையில் தகட்டில் ஈரம் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று உப்பும் ஈரமுமாக வந்துவிடும். வெயில் ஏறி ஈரம் காய்ந்த பிறகு, நிழலில், கை வைத்தால் பானெட் சுடாமல் இருக்கும்போது செய்யுங்கள். ஐப்பசி கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம், ஈரத்தில் கிளியர் பால் மாதிரி வெளுத்துவிடும்.

திருவொற்றியூர்_கடலோரம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பட்டறை அண்ணா, இரண்டு சந்தேகம். கிளியர் வைத்த பிறகு மேடாக நின்றால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா? இன்னொன்று, சக்கர வளைவில் இருக்கிற புள்ளியை இன்றைக்கு உற்றுப் பார்த்தேன், பெயர்ந்த இடத்தைச் சுற்றிப் பெயிண்ட் லேசாக உப்பியிருக்கிறது, நகத்தால் அழுத்தினால் உள்ளே போகிறது.

தண்டையார்பேட்டை_பட்டறை:

தேய்க்கலாம், ஆனால் அவசரம் வேண்டாம். கிளியர் நன்றாக இறுக ஒரு வாரமாவது விடுங்கள். அப்புறம் 2000 நம்பர் வாட்டர் பேப்பரை ஒரு சின்ன ரப்பர் துண்டில் சுற்றி, சோப்புத் தண்ணீரில் நனைத்து, மேட்டை மட்டும் தேய்க்கவேண்டும், பிறகு 3000, கடைசியில் பளபளப்பு வர காம்பவுண்ட் பாலிஷ். கம்பெனி கிளியர் கோட் மொத்தமே 40, 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை, கொஞ்சம் அழுத்தினால் பக்கத்தில் நல்லா இருந்த இடமும் போய்விடும். கை பழகாதவர் என்றால் மேடு அப்படியே இருக்கட்டும். நாலடி தள்ளி நின்றால் தெரியாது. வேக்ஸ் போடுவதாக இருந்தால் ஒரு மாதம் கழித்துப் போடுங்கள்.

சக்கர வளைவு சமாசாரம் வேறு. உப்பியிருந்தால் துரு ஏற்கெனவே பெயிண்டுக்கு அடியில் ஓடிவிட்டது, புள்ளியை மட்டும் மூடிப் பிரயோசனமில்லை. உப்பிய பெயிண்ட் எல்லாவற்றையும், கெட்டியான பெயிண்ட் வருகிற வரைக்கும், பிளேடால் எடுத்துவிட்டுத் தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய்க்கவேண்டும். அதற்கு முன்னால் கையை விட்டு வளைவின் உள்மடிப்பைத் தடவிப் பாருங்கள், சேறு அடைந்து கெட்டியாக இருக்கும், பாதி நேரம் துரு அங்கே இருந்துதான் வெளியே வருகிறது. தண்ணீர் அடித்து அதை முழுக்க இறக்குங்கள். தேய்த்த பிறகு தகடு கெட்டியாக இருந்தால் கன்வர்ட்டர், எபாக்ஸி பிரைமர், கலர், கிளியர் என்று நீங்களே முடிக்கலாம், அந்த இடத்தில் கலர் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் யாரும் குனிந்து பார்க்கப் போவதில்லை. ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்தும்போது தகடு உள்ளே போனால் கையை எடுத்துவிட்டு டிங்கரிங் செய்கிறவரிடம் கொண்டுபோய்விடுங்கள். மேலே பட்டி பூசித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், இத்துப்போன தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்கவேண்டும்.

முன் கண்ணாடிக்கு மேலே, ரூஃப் தொடங்குகிற ஓரத்தையும் கையோடு பாருங்கள். அங்கேயும் கல் அடிக்கும், உயரத்தில் இருப்பதால் யாரும் பார்க்கமாட்டார்கள். பம்பரில் இருக்கிற புள்ளியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம், அது பிளாஸ்டிக், துரு பிடிக்காது.