டர்போ ஆயில் பைப்: காப்பரா, ஹைட்ராலிக் ஹோஸா, டெஃப்ளானா?

நெடுஞ்சாலை_டீசல்

வணக்கம். வண்டி 2012 ஸ்விஃப்ட் டீசல், அந்த 1248 சிசி ஃபியட் இன்ஜின். கொஞ்ச நாளாக மேடேறி வந்து நிறுத்தினால் எண்ணெய் கருகும் வாடை, பானட் இடுக்கில் லேசாகப் புகை. கழற்றிப் பார்த்தால், டர்போவுக்கு ஆயில் போகும் இரும்பு பைப் மேல்முனை பான்ஜோவோடு (போல்ட் நுழைகிற வளைய முனை) பற்றவைத்திருக்கும் இடத்தில் முடி அளவு விரிசல் விட்டிருக்கிறது. துடைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் அங்கே முத்து முத்தாக எண்ணெய் அரும்புகிறது.

மெக்கானிக் அண்ணன் காப்பர் பைப் போட்டுக்கொள்ளலாம், ஏசி வேலை செய்கிறவர் இன்றைக்கே வளைத்துக் கொடுத்துவிடுவார் என்கிறார். ஜேசிபிக்கு ஹைட்ராலிக் ஹோஸ் அடிக்கும் கடையில் கேட்டால், "இது 400 பார் தாங்கும், உங்கள் டர்போவெல்லாம் எந்த மூலைக்கு?" என்கிறார். நண்பன் ஒருவன் டெஃப்ளான் பிரெய்டட் ஹோஸ்தான் சரி என்கிறான். ஆயில் பிரஷர் எப்படியும் நாலைந்து பாரைத் தாண்டாது, அப்படியிருக்க எதைப் போட்டால் என்ன என்றுதான் எனக்குக் குழப்பம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லேத்துப்பட்டறை

தம்பி, பிரஷரை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். அந்த பைப்புக்கு எமன் சூடும் அதிர்வும்தான். இன்னொன்று, அது ஆயில் ஃபில்டருக்கு அடுத்து வருகிற பைப். அதற்குள்ளிருந்து எது உதிர்ந்தாலும் தடுக்க ஆளில்லை, நேராக டர்போ பேரிங்கில்தான் போய் நிற்கும். அந்தச் சின்ன டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற சாமான், மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்துகொண்டுதான் சுற்றுகிறது. அந்தப் படலத்துக்குள் ஒரு துணுக்கு ரப்பர் போனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

காப்பர் கண்டிப்பாக வேண்டாம். வாங்கும்போது வெண்ணெய் மாதிரி வளையும், ஆனால் இன்ஜின் அதிர்வில் நாள்பட நாள்பட இறுகிக்கொண்டே வந்து ஒருநாள் ஃபிளேர் அடித்த (முனையை விரித்த) கழுத்திலேயே வெட்டுப்படும். ஃப்ரிட்ஜிலும் ஏசியிலும் வருஷக்கணக்கில் நிற்கிறதே என்பார்கள், அங்கே இந்த அதிர்வும் கிடையாது, பக்கத்தில் செக்கச்செவேல் என்று பழுக்கிற டர்பைன் வீடும் (டர்போவில் இன்ஜின் புகை பாயும் பக்கத்துக் கூடு) கிடையாது. போதாததற்குச் சூடான எண்ணெய் காப்பரில் பட்டால் சீக்கிரம் கெடவும் செய்யும். வாஷர் மட்டும் காப்பரில் போடலாம், அது நசுங்கி உட்கார்ந்துவிடுகிறது, ஆடுவதில்லை. அதையும் ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புதிதாகப் போடுங்கள்.

ஹோஸ்கிரிம்ப்

நான் இந்தத் தொழிலிலேயே இருக்கிறேன். கடைக்காரர் சொன்ன 400 பார் பொய்யில்லை, ஆனால் சூட்டை அவர் சொல்லவே இல்லை பாருங்கள். ஜேசிபிக்கு அடிக்கிற ஆர்1, ஆர்2 ரக ஹோஸ்களுக்கு உள்ளே இருப்பது நைட்ரைல் ரப்பர், அதற்கு வரம்பு 100 டிகிரி. உங்கள் இன்ஜின் ஆயிலே நெடுஞ்சாலையில் அதைத் தாண்டிவிடும். வண்டியை நிறுத்தியபின் இன்னும் மோசம், எண்ணெய் ஓட்டம் நின்றுவிடுகிறது, டர்போவில் தேங்கிய சூடு முழுக்கப் பைப்பின் மேல்முனைக்கு ஏறுகிறது. கொஞ்ச காலத்தில் உள் ரப்பர் கட்டையாகி வெடிப்பு விட்டு உதிரும். வெளியே பார்த்தால் ஹோஸ் புதுசு போலவே இருக்கும், அதுதான் இதில் ஆபத்து.

அதே கடையில் ஆர்14 ரகம் என்று கேளுங்கள். உள்ளே டெஃப்ளான், வெளியே ஸ்டெயின்லஸ் கம்பிப் பின்னல், 204 டிகிரி வரை போகலாம். நாலாம் நம்பர் சைஸ் உங்கள் டர்போவுக்குப் போதும். வெளியே ஸ்டெயின்லஸ் பின்னல் இருப்பதாலேயே எல்லாம் டெஃப்ளான் ஆகிவிடாது, பார்ப்பதற்கு அச்சு அசல் அப்படியே இருக்கும் ரப்பர் ஹோஸ்கள் நிறைய விற்கின்றன. அதனால் வெட்டிய முனையை வாங்கிப் பாருங்கள், உட்குழாய் வெள்ளையாகவோ கறுப்பாகவோ வழவழப்பாக, நகம் அழுந்தாமல் கெட்டியாக இருக்க வேண்டும். நகம் அழுந்தினால் அது ரப்பர், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முனைகளையும் டெஃப்ளானுக்கு என்று வருகிற ஃபிட்டிங்கில்தான் கிரிம்ப் செய்ய (நசுக்கிப் பிடிக்க வைக்க) வேண்டும், ரப்பர் ஹோஸ் ஃபிட்டிங் அதைச் சரியாகப் பிடிக்காது. ஃபிட்டிங்கில் ஓ-ரிங் இருந்தாலும் வேண்டாம், அதுவும் பெரும்பாலும் நைட்ரைல்தான்.

ஒரு குறை உண்டு. டெஃப்ளான் சட்டென்று மடங்கிவிடும். வளைவை 50 மி.மீ. ஆரத்துக்குக் கீழே விடாதீர்கள். ஒருமுறை மடிப்பு விழுந்தால் நிமிர்த்திப் பயனில்லை, தூக்கிப் போட வேண்டியதுதான். அந்தக் கம்பிப் பின்னல் வேறு அரம் போல அறுக்கும், பக்கத்தில் வயரோ அலுமினியமோ உரசினால் தின்றே தீர்த்துவிடும். மேலே ஒரு ஃபயர் ஸ்லீவ் (சூடு தாங்கும் உறை) மாட்டிவிட்டால் உரசலும் நிற்கும், சூடும் குறையும்.

பழைய_மல்டிஜெட்

நான் கம்பெனி இரும்பு பைப்புக்குத்தான் ஓட்டு. காசு கொஞ்சம் கூட, காத்திருக்கவும் வேண்டும், ஆனாலும் அந்த இரும்பு பைப்பைவிட இந்த இடத்துக்குப் பொருத்தமானது எதுவும் இல்லை. ஹோஸ்கிரிம்ப் சொன்ன ஆர்14 நல்ல சரக்குதான், மறுக்கவில்லை, ஆனால் யார் கிரிம்ப் செய்கிறார் என்பதை நம்பித்தான் அது நிற்கிறது.

அதைவிட முக்கியமான கேள்வி, அந்த பைப் ஏன் விரிசல் விட்டது? சும்மா விடாது. டர்போவை முன்பு எப்போதாவது கழற்றினார்களா? கீழ் போல்ட்டை மட்டும் தளர்த்திப் பாருங்கள், பைப் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். தெறித்து விலகினால் இழுத்துப் பிடித்து மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம், அப்படி மாட்டினால் புதுசும் அதே இடத்தில்தான் விடும்.

உள்ளே கரி பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஐரோப்பாவில் பியூஷோ, சிட்ரோன், ஃபோர்டு வண்டிகளில் வந்த 1.6 எச்டிஐ டீசலுக்கு இதுதான் தலைவலி. ஆயில் கரியாகி, டர்போவுக்குப் போகிற பான்ஜோ போல்ட்டுக்குள் இருக்கும் சின்ன வலையை அடைத்துவிடும். பழைய பைப்பை அப்படியே விட்டுவிட்டுப் புது டர்போ மாட்டினால் அதுவும் சீக்கிரமே போய்விடும். அதனால் அங்கே டர்போ விற்கிறவர்கள் புது பைப்பும் சேர்த்துப் போட்டால்தான் வாரன்டி என்று கறாராகச் சொல்கிறார்கள்.

நெடுஞ்சாலை_டீசல்

எல்லாருக்கும் நன்றி. நீங்கள் சொன்னது சரி அண்ணா, கீழ் போல்ட்டைக் கழற்றியதும் பைப் விரல் அளவு விலகி நின்றது. நான் வண்டி வாங்கும்போதே டர்போ மாற்றியிருந்தது, முந்தைய ஓனர் காலத்தில். வெட்டிப் பார்த்தேன், உள்ளே மேல்முனையில் கறுப்பாகப் பொருக்கு, சுரண்டினால் உதிர்கிறது. காப்பரை விட்டாயிற்று. கம்பெனி பைப்புக்குச் சொல்லிவிட்டேன், வர ஒரு வாரம் ஆகுமாம். அதுவரை வண்டி நிற்கட்டும். மாட்டும்போது போல்ட் மரையில் டெஃப்ளான் டேப் சுற்றலாமா?

லேத்துப்பட்டறை

வேண்டவே வேண்டாம். டேப்பின் நூல் பிய்ந்து உள்ளே போனால் ரப்பர் துணுக்கு செய்கிற வேலையை அதுவும் செய்யும். கேஸ்கெட் பேஸ்ட்டும் கூடாது. பான்ஜோவுக்கு இரண்டு புறமும் புது வாஷர், கம்பெனி சொன்ன டார்க் (முறுக்கும் அளவு), அவ்வளவுதான். முதலில் இரண்டு போல்ட்டையும் கையால் முழுக்க ஏற்றுங்கள், பைப் தானாக உட்கார்ந்தபின் ஸ்பேனரை எடுங்கள்.

பொருக்கு இருந்தது என்கிறீர்கள், அப்படியானால் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிடுங்கள், திரும்பி வருகிற டிரெயின் பைப்பையும் கழற்றிக் கழுவுங்கள், அதில் அடைப்பு இருந்தால் எண்ணெய் டர்போ சீல் வழியே ஒழுகும். அப்புறம், உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். டர்போ பக்கத்து முனையை மாட்டாமல் ஒரு பாட்டிலுக்குள் விட்டு, இன்ஜெக்டர் சாக்கெட்டுகளைப் பிடுங்கிவிட்டு, சின்னச் சின்னதாக செல்ஃப் அடியுங்கள். எண்ணெய் விட்டுவிட்டு வராமல் ஒரே தாரையாக வந்தபின் டர்போ துளையில் கொஞ்சம் புது ஆயில் ஊற்றி முனையை மாட்டுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் சில நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, டார்ச் அடித்து இரண்டு பான்ஜோவையும் பாருங்கள்.