கோரலைன் கடைசியில் தப்பித்தாளா? ஒளித்து வைத்தது எது, நாமாகக் கட்டிவிட்டது எது?

கொட்டாங்கச்சி:
ஹென்றி செலிக் இயக்கி 2009ல் வந்த 'கோரலைன்' படத்தை மறுபடி பார்த்தேன். பொம்மைகளை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி எடுத்த ஸ்டாப் மோஷன் படம். பார்க்காதவர்களுக்காக: புது வீட்டுக்குக் குடிவரும் சிறுமி, ஒரு குட்டிக் கதவு வழியாக அச்சு அசலாக அதே மாதிரி இன்னொரு வீட்டுக்குள் போகிறாள். அங்கே கண்ணுக்குப் பதில் பொத்தான் தைத்த ஒரு அம்மா, விழுந்து விழுந்து உபசரிக்கிறாள்.

என் கட்சி இதுதான்: அவள் தப்பிக்கவே இல்லை. கடைசியில் நாம் பார்ப்பதும் பொத்தான் கண் அம்மா கட்டிய உலகம். மண் என்றாலே முகம் சுளிக்கும் பெற்றோர் திடீரென்று தோட்டம் போடுகிறார்கள். கையுறை வாங்கித்தர மறுத்த அம்மா அதையே பரிசாகத் தருகிறாள். கடைசி ஷாட்டில் கோரலைனோடு சுற்றும் பூனை, வீட்டுப் பெயர்ப் பலகைக் கம்பத்துக்குப் பின்னால் போய் மாயமாகிறது. அந்த வித்தையை அது மறு உலகத்தில் அல்லவா காட்டியது?

ஆந்தையார்:
வந்துட்டார்யா! நண்பரே, நிஜ அம்மா தோட்டச் செடிகளுக்கான பட்டியல் புத்தகம் எழுதுபவர். வேலை நல்லபடியாக முடிந்தால் உன் குறையைத் தீர்த்துவைக்கிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறார். வேலை முடிந்தது, கையுறை வந்தது. இதில் சூனியக்காரி எங்கே வந்தாள்? படத்துக்கு மூலமான நீல் கெய்மனின் 2002 நாவலிலும் அவள் தெளிவாகத் தப்பித்துவிடுகிறாள்.

கொட்டாங்கச்சி:
நாவலை விடுங்கள். வைபி என்ற பையனே நாவலில் கிடையாது, கோரலைன் தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கக் கூடாதென்று படத்துக்காகச் சேர்த்தது. ஸ்டாப் மோஷனில் தற்செயல் என்று ஒன்று இருக்க முடியாது சார். திரையில் தெரியும் ஒவ்வொன்றையும் ஒருவர் கையால் செய்து வைத்தாக வேண்டும். முட்டையை உடைக்கும் காட்சியில் மஞ்சள் கருவைப் பாருங்கள், ஜாக் ஸ்கெல்லிங்டன் முகம்! செலிக்கின் 1993 படமான 'தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்மஸ்' நாயகன்.

சிவகாசி_சிவா:
இது டிம் பர்ட்டன் படம் இல்லையா?

ஆந்தையார்:
இல்லை தம்பி. அந்த 1993 படத்தை இயக்கியதும் செலிக்தான். கதையும் தயாரிப்பும்தான் பர்ட்டன். பாவம் செலிக், பெயர் முழுக்க பர்ட்டனுக்குப் போய்விட்டது.

கொட்டாங்கச்சிக்கு: கையால் வைத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வைத்ததெல்லாம் கதைக்கான துப்பு என்று யார் சொன்னது? ஆரம்பத்தில் சாமான் இறக்கும் லாரியில் 'ரான்ஃப்ட்' என்று எழுதியிருக்கும். செலிக்கோடு வேலை செய்து 2005ல் இறந்துபோன ஜோ ரான்ஃப்ட்டுக்கான அஞ்சலி அது. லாரிக்காரருக்குக் குரல் கொடுத்தவர் அவருடைய தம்பி ஜெரோம். இதை வைத்து என்ன தியரி கட்டுவீர்கள்?

இன்னொன்று கேளுங்கள். படத்தின் கடைசியில் டைட்டில் கார்டெல்லாம் ஓடி முடிந்தபின் 'விஷயம் தெரிந்தவர்களுக்கு' என்று ஒரு வரி வரும், கூடவே 'ஜெர்க் வாட்' என்ற வசவு. மர்மமாக இருக்கிறதா? நைக்கி ஷூ பரிசுப் போட்டிக்கான பாஸ்வேர்டு அது! படத்தைத் தயாரித்த அமெரிக்க அனிமேஷன் ஸ்டுடியோ லைக்காவின் தலைவர் டிராவிஸ் நைட், நைக்கியை நிறுவிய ஃபில் நைட்டின் மகன். அவரே இந்தப் படத்தில் அனிமேட்டராகவும் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார்.

நிழல்பொம்மை:
நீங்கள் இரண்டு பேரும் பூனையைத் துரத்துகிறீர்கள், எனக்கு அந்த ஸ்வெட்டர்தான். நட்சத்திரம் போட்ட ஸ்வெட்டரையும் கையுறையையும் ஆல்தியா குரோம் என்ற பெண்மணி, கிட்டத்தட்ட தலைமுடி அளவு மெல்லிய ஊசிகளால் கையாலேயே பின்னியிருக்கிறார். மரத்தில் இளஞ்சிவப்பாகப் பூத்திருக்கிறதே, அது சாயம் பூசிய பாப்கார்ன். இதையெல்லாம் விட்டுவிட்டு, வரவேற்பு கேக்கில் ஓர் எழுத்துக்கு இரட்டைச் சுழி இருக்கிறது, அது பொய்யின் அடையாளம் என்று வீடியோ போடுகிறார்கள். கிரீமில் எழுதிய எழுத்துக்குக் கைரேகை ஜோசியமா?

கொட்டாங்கச்சி:
சரி அக்கா, கேக்கை விட்டுவிடுகிறேன். மாடி வீட்டு பாபின்ஸ்கி? உடம்பு நீல நிறம், மார்பில் செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பின் சுத்தம் செய்தவர்களுக்குத் தந்த பதக்கம். அதுவும் அஞ்சலியா?

ஆந்தையார்:
அது அருமையான குறிப்பு, மறுக்கவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் அந்த ஆளின் பழைய வாழ்க்கை தெரிந்துவிடுகிறது. கீழ் வீட்டு வயதான நடிகைகள் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் வசனம் பேசுவதும் அப்படித்தான். கதை நடக்கும் ஆஷ்லாண்ட், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள நிஜ ஊர். 1935லிருந்து அங்கே ஷேக்ஸ்பியர் நாடக விழா நடக்கிறது. ஊரோடு ஒட்டிய விஷயம் இதெல்லாம். 'தப்பிக்கவே இல்லை' என்பது மட்டும் அந்தரத்தில் தொங்குகிறது.

நிழல்பொம்மை:
கொட்டாங்கச்சி, உங்கள் வழக்குக்கு நான் ஒரு சாட்சி தருகிறேன். படத்தை 3டியிலேயே எடுத்தார்கள். நிஜ வீட்டு செட்களை வேண்டுமென்றே ஆழம் குறைத்து நெருக்கமாகக் கட்டினார்கள். பொத்தான் கண் அம்மா வீட்டில் அதே அறைக்கு ஆழம் கூடுதல். பார்ப்பவருக்கே அங்கே போய் மூச்சு விடலாம் போலத் தோன்ற வேண்டுமாம். கடைசித் தோட்டம் எந்தக் கணக்கில் வருகிறது என்று பாருங்களேன்.

கொட்டாங்கச்சி:
அக்கா, தெய்வம் நீங்கள்! 3டியில் பார்த்துவிட்டு ஸ்க்ரீன்ஷாட்டோடு வருகிறேன்.

ஆந்தையார்:
3டியை ஸ்க்ரீன்ஷாட் எடுக்கப் போகிறாராம். தாராளமாகக் கொண்டு வாருங்கள்.