மறு: காரணிகளில் முந்தும் எண்ணுக்கு என்ன பெயர்?

வணக்கம்.

> "உயர் பகு எண்" என்றே வைத்துக்கொள்ளலாமே, புதிதாக எதற்கு?

ஐயா, அந்தப் பெயர் முதல் அடியிலேயே இடறுகிறது. நாம் பெயர் தேடும் எண், தனக்குக் கீழுள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்டது என்பதுதான் வரையறை. பட்டியல் 1, 2, 4, 6, 12, 24, 36 என்று போகும். இதில் 2 பகா எண். 1 பகுவும் இல்லை, பகாவும் இல்லை. "2 ஓர் உயர் பகு எண்" என்று பள்ளிப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? ஆங்கிலப் பெயரிலும் (highly composite number) இதே கோளாறுதான். அதை நாமும் ஏன் சுமக்க வேண்டும்?

"மிகுகாரணி எண்" என்றால் மிகையெண்ணோடு குழம்பும். அங்கே பார்ப்பது காரணிகளின் கூட்டுத்தொகை, இங்கே எண்ணிக்கை.

என் பரிந்துரை "காரணி விஞ்செண்", சுருக்கமாக விஞ்செண். விஞ்சுவதற்கு எதிரே ஆள் வேண்டும். வரையறையும் அந்த ஒப்பீடுதான். நம் தஞ்சைப் பக்கத்துப் பழைய நெல் அளவையில் 12 மரக்கால் ஒரு கலம். களத்தில் ஒரு கல நெல்லை இரண்டு, மூன்று, நான்கு, ஆறு என்று எத்தனை பங்கு வைத்தாலும் மரக்கால் உடையாது. 11 வரை எந்த எண்ணுக்கும் நான்கு காரணிக்கு மேல் கிடையாது, 12க்கு ஆறு.

பெரிய எண்ணிலும் பார்த்துவிடுவோம். கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன் இவ்வகை எண்களைப் பற்றி எழுதிய 1915ஆம் ஆண்டுக் கட்டுரையின் பட்டியலில் கடைசி எண் 67,46,32,83,88,800. இதில் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5, 7 இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் 7×5×3×3×2×2×2×2×2, அதாவது 10,080 காரணிகள்! அடுக்குகள் இறங்கியே வருவதைக் கவனியுங்கள். எங்காவது ஏறினால், அந்த இரண்டு அடுக்குகளை இடம் மாற்றி, அதே அளவு காரணியுள்ள சிறிய எண்ணை உண்டாக்கிவிடலாம். அப்புறம் விஞ்சுவது எங்கே? கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1. 4, 36 இரண்டும் விதிவிலக்கு. 23ஐ மட்டும் நீக்கினால் 2,93,31,86,25,600. காரணிகள் சரிபாதி, 5,040. இதுவும் விஞ்செண்தான், அவர் பட்டியலில் விடுபட்டுப்போனது.

அந்தக் கட்டுரையில் அச்சேறாமல் நின்ற பகுதி 1997இல் வெளிவந்தது. அதில் இன்னொரு வகை வருகிறது: முந்தைய எண்களுக்குச் சமமாக இருந்தாலும் போதும், குறையக் கூடாது. 3, 8, 10 இப்படிப்பட்டவை. இவற்றுக்குக் "காரணி குன்றா எண்" எனலாம். எல்லா விஞ்செண்ணும் குன்றா எண், மறுதலை உண்மையாகாது. "உயர் பகு" என்று தொடங்கினால் இந்த இணைக்கு வழியே இல்லை.

மீதியில்லாமல் வகுக்கும் எண்ணைக் காரணி என்பதா, வகுத்தி என்பதா என்ற கேள்விக்கு, பிள்ளைகளுக்குப் பழகிய காரணியே போதும் என்பது என் கருத்து. விஞ்செண் என்ற புணர்ச்சியில் இலக்கணம் அறிந்தவர்களுக்கு ஆட்சேபம் இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.