லண்டனில் இரவு வெளியே போக: புதிதாக வந்தவர்களுக்கு

போன வாரம் ஒரு தம்பி கேட்டார்: "அக்கா, ஆபீஸ்ல எல்லாரும் வெள்ளிக்கிழமை பப்புக்குப் போறாங்க. நான் குடிக்கமாட்டேன். போகலாமா, வேணாமா?" அவருக்குப் போனில் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடமும் வெள்ளிக்கிழமை வந்தால் ஏதாவது காரணம் சொல்லிவிட்டு நேரே வீட்டுக்கு வந்துவிடுவேன். அந்த இரண்டு வருடத்தில் இந்த ஊரில் மனம்விட்டுப் பேச ஒருத்தரும் கிடைக்கவில்லை. அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன், போங்க.

முதலில் பப். அங்கே பெரும்பாலும் மேஜைக்கு வந்து ஆர்டர் எடுக்கமாட்டார்கள். நாம்தான் கவுண்டருக்குப் போய்ச் சொல்லி, அங்கேயே காசு கொடுத்து, கையோடு எடுத்து வரவேண்டும். வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் யாருக்கு அடுத்து யார் என்பது நிற்கிற எல்லோருக்கும் தெரியும். உங்களுக்கு முன்னால் வந்தவரை விட்டுவிட்டு உங்களைக் கேட்டால், "இவர்தான் முதல்ல வந்தார்" என்று அவரைக் காட்டிவிடுங்கள். கவுண்டரில் கொடுக்கும் பானத்துக்கு டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை.

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது 'ரவுண்டு' விஷயத்தில்தான். ஒருவர் எழுந்து எல்லோருக்கும் வாங்கி வருவார், அடுத்த முறை இன்னொருவர். யாரும் கணக்கு எழுதுவதில்லை, ஆனால் யாரும் மறப்பதும் இல்லை. முதல் ரவுண்டில் ஒரு ஆரஞ்சு ஜூஸ் வாங்கிக்கொண்டாலும் நீங்கள் அந்தச் சுற்றுக்குள் வந்தாகிவிட்டது. உங்கள் முறை வரும்போது ஐந்தாறு பேருக்கு வாங்கவேண்டும். கையில் காசு குறைவு, இல்லை சீக்கிரம் கிளம்பவேண்டும் என்றால் ஆரம்பத்திலேயே "என்னோடதை நானே வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். வாங்கிக் குடித்துவிட்டு உங்கள் முறை வருமுன் நழுவுவதுதான் மனதில் நிற்கும்.

குடிக்காதவர்களுக்கு லைம் சோடா இருக்கிறது, ஆல்கஹால் இல்லாத பீர் இப்போது ஏறக்குறைய எல்லாப் பப்பிலும் இருக்கிறது. "ஏன் குடிக்கலை?" என்று கேட்டால் "பழக்கமில்லை" போதும். மதம், உடம்பு, குடும்பம் என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தால்தான் பேச்சு நீளும்.

குடித்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு நான் தடை சொல்லவில்லை, கணக்கு மட்டும் சொல்கிறேன். இங்கே 'யூனிட்' என்று ஓர் அளவு உண்டு. ஒரு யூனிட் என்பது 8 கிராம் சுத்த ஆல்கஹால். ஒரு பைண்ட், அதாவது 568 மில்லி, 4 சதவீத பீரில் இரண்டு யூனிட்டுக்கு மேல் இருக்கிறது. 25 மில்லி விஸ்கி ஒரு யூனிட். உடம்பு சுமாராக மணிக்கு ஒரு யூனிட்தான் கரைக்கும், தண்ணீரோ காபியோ அதை வேகப்படுத்தாது. ஒரு வாரத்துக்கே 14 யூனிட்டைத் தாண்டவேண்டாம் என்பது இந்நாட்டு அரசின் தலைமை மருத்துவ அதிகாரிகள் 2016இல் சொன்ன வரம்பு. பழக்கமே இல்லாத உடம்போடு மற்றவர்களுக்கு ஈடுகொடுத்து ரவுண்டு ரவுண்டாகப் போகாதீர்கள். முதலில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

வாசலில் வயதுக்கு அத்தாட்சி கேட்பார்கள். சட்டப்படி 18 தான்; ஆனால் 25க்குக் கீழே தெரிகிற யாரையும் கேட்பது இங்கே வழக்கம். எனக்கு அப்போது 27. கையில் ஒன்றும் இல்லாமல் போய், கூட வந்தவர்கள் எல்லோரும் உள்ளே போக, குளிரில் நான் மட்டும் வாசலில் நின்றேன். போனில் இருக்கும் பாஸ்போர்ட் படம் செல்லாது. அசல் பாஸ்போர்ட்டை இரவில் தூக்கிக்கொண்டு அலைவதும் நல்லதில்லை, தொலைந்தால் அப்புறம் தூதரகத்துக்கு நடக்கவேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் தங்கும் விசா இருந்தால் புரொவிஷனல் டிரைவிங் லைசென்ஸுக்கு ஆன்லைனில் விண்ணப்பியுங்கள், 34 பவுண்டு. அது கார் ஓட்டப் பழகுபவர்களுக்கான உரிமம்; ஓட்டாவிட்டாலும் வயதுக்கு அத்தாட்சியாக அந்த அட்டை இருக்கட்டும்.

ஆனால் இரவு வெளியே போவது என்றால் பப் மட்டும்தான் என்று நினைத்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். என் மனம் நிறைந்த இரவுகள் எல்லாம் வேறு இடங்களில்தான். விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் வெள்ளிக்கிழமைகளில் இரவு 10 மணி வரை திறந்திருக்கும், நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் கிடையாது. தனியாகப் போகத் தயங்குபவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். தனியாக நடப்பவரை அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கோடையில் ராயல் ஆல்பர்ட் ஹாலில் எட்டு வாரம் 'புரோம்ஸ்' இசை விழா நடக்கும். 1895இல் ஆரம்பித்த விழா அது. அன்றன்றைக்கு மேடைக்கு நேர் முன்னால் நின்று கேட்கிற டிக்கெட் விற்பார்கள், விலை 10 பவுண்டுக்குள். மேல்நாட்டுச் சங்கீதம் ஒன்றுமே தெரியாமல்தான் நான் போனேன். வரிசையில் பக்கத்தில் நின்ற ஒரு முதியவர் எந்த இடத்தில் எதைக் கவனிக்கவேண்டும் என்று அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்.

தேம்ஸ் கரையில் ஷேக்ஸ்பியர் குளோப் நாடக அரங்கம். பழைய அரங்கைப் போலவே கட்டி 1997இல் திறந்தது, நடுவில் கூரை கிடையாது. முற்றத்தில் நின்று பார்க்கும் டிக்கெட் 5 பவுண்டிலிருந்து கிடைக்கும். உட்காரவிடமாட்டார்கள், குடை பிடிக்கவும் விடமாட்டார்கள், மழைக்கோட்டு மட்டும்தான். நான் போன அன்று இடைவேளைக்கு அப்புறம் நல்ல மழை. நடிகர்கள் நிறுத்தவில்லை, யாரும் நகரவும் இல்லை. பாதி வசனம் எனக்குப் புரியவில்லை. ஆனாலும் நடிகர் ஒருவர் கூட்டத்துக்குள் இறங்கி வந்து என் தோளை உரசிக்கொண்டு மேடை ஏறியபோது, விடியவிடிய ஊர் திருவிழாவில் கூத்துப் பார்த்த சிறு பிள்ளையாகவே ஆகிவிட்டேன். வந்து மூன்று வருடத்தில் முதல்முறையாக இது என் ஊர் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

கூச்சம் அதிகம் உள்ளவர்கள் 'கெய்லி' நடனத்துக்குப் போய்ப் பாருங்கள். ஸ்காட்லாந்துக் கூட்டு நடனம். அடுத்த அடி என்ன என்று ஒருவர் மைக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார், கேட்டு ஆடினால் போதும்.

இனித் திரும்பும் வழி. கிளம்பும் முன்பே இதைப் பார்த்துவைத்துக்கொண்டால் அந்த இரவில் மனசு லேசாக இருக்கும். வெள்ளி, சனி இரவுகளில் விடிய விடிய ஓடும் சுரங்க ரயிலான நைட் டியூப் விக்டோரியா, ஜூபிலி, சென்ட்ரல், நார்தர்ன், பிக்காடில்லி ஆகிய ஐந்து லைன்களில்தான், அவற்றிலும் சில கிளைகளில் கிடையாது. டூட்டிங் பக்கம் இருப்பவர்களுக்கு நார்தர்ன் லைன் இருக்கிறது. ஈஸ்ட் ஹாமுக்கு டிஸ்ட்ரிக்ட் லைனும் ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைனும்தான், அவை விடிய விடிய ஓடாது, பஸ்தான் வழி. எண்ணுக்கு முன்னால் 'என்' எழுத்து இருந்தால் இரவு பஸ். கறுப்பு டாக்சியை மட்டும்தான் தெருவில் கை காட்டி நிறுத்தலாம். "கார் வேணுமா?" என்று யாராவது பக்கத்தில் வந்து கேட்டால் ஏறவே ஏறாதீர்கள். மினிகேப், அதாவது தனியார் வாடகைக் கார் என்றால் முன்கூட்டியே புக் செய்திருக்கவேண்டும், அதுதான் சட்டம். வண்டி எண்ணைச் சரிபார்த்துவிட்டுப் பின்சீட்டில் உட்காருங்கள்.

கிளாஸை வைத்துவிட்டு எங்கும் போகாதீர்கள், ஆண்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். குடித்த அளவுக்குப் பொருந்தாமல் தலை சுற்றினால் உடனே கூட இருப்பவரிடமோ ஊழியரிடமோ சொல்லுங்கள். நினைவு தப்பினால் அவசர உதவி எண் 999. யாராவது தொந்தரவு செய்தால், 'ஏஞ்சலாவைக் கேளுங்கள்' (Ask for Angela) என்ற திட்டத்தில் சேர்ந்த பப்களில் கவுண்டருக்குப் போய் "ஏஞ்சலா இருக்காங்களா?" என்று கேட்டால் ஊழியர்களுக்குப் புரியும், பத்திரமாக வெளியே அனுப்பிவைப்பார்கள். ரயிலில் யாராவது வம்பு செய்தால் ரயில்வே போலீஸுக்கு 61016 என்ற எண்ணில் மெசேஜ் அனுப்பலாம், போன் பேசவேண்டியதில்லை.

தம்பி போன வெள்ளிக்கிழமை போயிருக்கிறார். லைம் சோடாவோடு ஒன்பதரை வரை இருந்தாராம், இரண்டாவது ரவுண்டு அவர் வாங்கினாராம். நீங்கள் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள், அங்கிருந்து இரவில் எப்படித் திரும்புவது என்று தெரிந்தவரை சொல்கிறேன்.